அரை அகப்பைச் சோறு

“அம்மா, நான் ஒன் வயித்துல இருக்கையில நீ என்னா சாப்பிட்ட?”

பள்ளிக்கூடம் விட்டு வந்த நிலக்ஷனா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். செசிலி ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“சோறுதான்.”

“எவ்வளவு?”

“அளந்தா தின்னேன்? சோத்தையும் கொழுந்து மாதிரி தராசுல வச்சி நிறுப்பாங்களாக்கும்!”

“வெளையாடாதம்மா. விஞ்ஞானப் பாடத்துக்கு. றிஸ்னி டீச்சர் எல்லாரையும் வீட்டுல கேட்டுட்டு வரச் சொன்னாங்க. காலையில என்னா, பகலைக்கு என்னா, ராவைக்கு என்னான்னு.”

கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மூத்தவள் ஜெசிந்தா சிரித்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். புருஷனுக்குக் கொழும்பில் துணிக்கடையில் வேலை.

“ராவைக்குச் சாயத்தண்ணின்னு எழுதிக்க. எனக்கும் இப்ப அதுதானே கெடைக்குது.”

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அதுதான் உண்மை. ஏழாம் மாதம் பிறந்ததிலிருந்து ஜெசிந்தாவின் சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்தது அரை அகப்பைச் சோறு. இரவில் வெறும் தேயிலைத் தண்ணீரும் ஒரு மாரி பிஸ்கட்டும். அகப்பை செசிலியின் கையில் இருந்தது.

கொஸ்லந்தைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் செசிலியைத் தெரியாதவர் இல்லை. காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பாள். மலையில் அவளுடைய கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். புருஷன் அந்தோனிமுத்து தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், பேச்சுக் குறைவு. வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அவளே பேசிவிடுவதால் அவனுக்கு அந்த வேலை மிஞ்சவில்லை. வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் பெண்கள் அவளைத் தேடி வருவதற்குக் காரணம் வேறு. பிள்ளை சுகமாகப் பிறக்க அவள் வழி சொல்வாள். ஏழாம் மாதத்திலிருந்து சோற்றைப் பாதியாக்கு, இரவில் வயிற்றைக் காயப்போடு, பிள்ளை சின்னதாக இருக்கும், வலி தெரியாமல் வழுக்கிக்கொண்டு வரும். அவ்வளவுதான் அவளுடைய வைத்தியம். பிள்ளை பெருத்தால் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழிப்பார்கள். கிழித்த வயிற்றோடு கூடை சுமந்து மலை ஏறுவது எப்படி?

கிளினிக்கில் மிட்வைப் மிஸ் இதற்கு எதிர்மாறாகத்தான் சொல்வாள். பெண்கள் அங்கே தலையாட்டிவிட்டு வந்து செசிலி சொன்னபடி செய்வார்கள்.

இதைப் படிப்பறிவு இல்லாத பேச்சு என்று தள்ளிவிட்டுப் போவது லேசு. செசிலி இதைக் கண்ணால் கண்டிருந்தாள்.

அவளுடைய தங்கச்சி பிலோமினா பக்கத்து லயத்தில் வாழ்ந்தாள். வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறவள். நிறைமாதத்தில், ஒரு மழை நாள் பிற்பகல், வலி கண்டது. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஆண்கள் ஒரு கம்பளியில் இரண்டு கம்புகளைக் கட்டி அவளைக் கிடத்தி, வழுக்குப் பாதையில் மெயின் ரோட்டுக்கு இறக்கினார்கள். பிள்ளை பெரியது. பாதி வழியில் தலை சிக்கிக்கொண்டது. ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. செசிலி அப்போது நிலக்ஷனாவை வயிற்றில் சுமந்தபடி கம்பளிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தாள். ஏழு வயது ஜெசிந்தா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். அவளை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தங்கச்சியை அடக்கம் செய்த நாளிலிருந்து செசிலி தன் சோற்றைக் குறைத்தாள். ஏழாம் மாதம் வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. நிலக்ஷனா இரண்டு கைக்குள் அடங்குகிற அளவில் பிறந்தாள். அழக்கூடத் தெம்பில்லை, பூனைக்குட்டி மாதிரி முனகினாள். நிறுத்துப் பார்த்த மிட்வைப் முகத்தைச் சுளித்தாள். செசிலி மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். இரண்டு உயிரும் தப்பின. அதற்கு மேல் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

இப்போது அந்தப் பிள்ளையே கேட்டது.

“எதுக்குடி இதெல்லாம் டீச்சருக்கு?”

“எபிஜெனட்டிக்ஸ்.”

“என்னா?”

“பேரை விடு. நான் காட்டுறேன்.”

நிலக்ஷனா சுவரில் மாட்டியிருந்த கோயில் கலண்டரைக் கழற்றினாள். தலையிலிருந்து இரண்டு கிளிப்பை உருவி, சில தாள்களைச் சேர்த்து இறுக்கினாள்.

“டீச்சர் பழைய புத்தகத்துல ஸ்டேப்ளர் அடிச்சிக் காட்டினாங்க. இதுதான் ஒடம்புன்னு வையி. அம்மா அப்பாகிட்ட இருந்து வந்த எழுத்தெல்லாம் இதுக்குள்ள இருக்கு. ஒரு எழுத்தும் அழியல. ஆனா இந்தப் பக்கத்தைத் தெறக்க முடியாது. வாசிக்க முடியாததுனால ஒடம்பு அதைச் செய்யாது.”

“யாரு கிளிப்பு போடுறது?”

“சாப்பாடு, கவலை, பொகை, இப்பிடி எத்தனையோ. தேனீயைப் பாரேன். ராணியும் வேலைக்காரியும் ஒரே மாதிரி முட்டைதான். நல்ல சாப்பாடு குடுத்து வளத்தா ராணி. இல்லாட்டி வேலைக்காரி.”

“அப்ப பெரட்டுக்குப் போறவளுக எல்லாம் சாப்பாடு பத்தாத முட்டையா?” என்றாள் ஜெசிந்தா. அடுத்த காம்பரா வீட்டிலிருந்து வந்து வாசலில் நின்ற ரெஜினாவும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு அப்போதுதான் மூன்றாம் மாதம்.

“சிரிக்காதீங்க. ஒரு நாட்டுல சண்டை நேரம் சாப்பாடே இல்லாமப் போச்சாம். அப்ப வயித்துல இருந்த பிள்ளைங்களுக்குப் பெரிசான பொறகு சீனி வருத்தம், நெஞ்சு வருத்தமெல்லாம் கூட வந்துச்சாம். அவங்களே மறந்துபோன பட்டினியை ஒடம்பு மறக்கல.”

சிரிப்பு நின்றது. நிலக்ஷனா கலண்டரைக் கையில் வைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தாள், பிறகு தன்னைப் பார்த்துக்கொண்டாள். அவள் போட்டிருந்த வெள்ளைக் கவுன் ஜெசிந்தா எட்டாம் வகுப்பில் போட்டது. பதினோராம் வகுப்பிலும் அவளுக்கு அது தொளதொளவென்றுதான் இருந்தது. பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறினால் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவள் அவள்.

“அக்கா வயித்துல இருக்கையில நீ நல்லா சாப்பிட்ட.”

“ஆமா.”

“நான் இருக்கையில சாப்பிடல.”

செசிலி மாவைத் திரும்பவும் பிசைந்தாள். அது பிசைந்து முடிந்த மா.

“அப்ப எனக்குக் கிளிப்பு போட்டது நீதானாம்மா?”

கோபமாகக் கேட்டிருந்தால் செசிலி இரண்டு அறை வைத்திருப்பாள். கணக்குக்கு விடை சரியா என்று கேட்கிற குரலில் கேட்டாள். அதற்கு என்ன செய்ய முடியும்?

மறுநாள் பகல் கொழுந்து நிறுத்ததும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் செசிலி பள்ளிக்கூடத்துக்கு இறங்கினாள். வழியெல்லாம் திட்டுவதற்குச் சொல் சேர்த்துக்கொண்டு போனாள். றிஸ்னி டீச்சர் பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் ஜௌபர் முதலாளியின் மகள். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அபாயாவின் ஓரமெல்லாம் சோக்குத் தூளோடு வாசலுக்கு வந்தாள்.

“நீங்க நிலக்ஷனாட உம்மா... அம்மா தானே? வாங்க, இருங்க.”

“இருக்க வரல டீச்சர். ஒன்னு கேக்கணும். எம் பிள்ளைய நாந்தான் கெடுத்தேனா?”

“அப்பிடி நான் சொல்லல்லயே!”

“நீங்க சொல்லல. அவளைக் கணக்குப் போட வச்சிட்டீங்க.”

டீச்சர் சோக்குத் துண்டைக் கைக்குள் உருட்டினாள். “புத்தகத்தில இருக்கிறது வெளிநாட்டுக் கதை. பிள்ளைகளுக்கு விளங்கட்டும்னுதான் வீட்டில கேக்கச் சொன்ன. வீட்டில இப்பிடி ஒரு கதை இருக்கும்னு நான் நினைக்கல்ல. ஒரு பிள்ளை உயரமா வளராததுக்கு ஒரு காரணம் மட்டும் இல்ல. இதுதான்னு யாராலயும் அடிச்சிச் சொல்ல ஏலாது.”

“இது இல்லன்னு அடிச்சிச் சொல்லுவீங்களா?”

டீச்சர் அபாயாவில் ஒட்டிய சோக்குத் தூளைத் தட்டினாள்.

“கிளிப்பைக் கழட்ட முடியுமா?”

“எலிகள்ல சிலது கழண்டிருக்கு. மனிசருக்கு... எனக்குத் தெரியல்ல. படிச்சவங்களுக்கே இன்னும் சரியாத் தெரியாது.”

“தெரியாத ஒன்னை ஏன் டீச்சர் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறீங்க?”

“இனிப் பொறக்கப்போற பிள்ளைகளுக்காகத்தான். நிலக்ஷனாட அக்காவுக்கு மாசம் நிறைஞ்சி வருதாமே. அவ சாப்பிடணும். அது மட்டும் நல்லாத் தெரியும்.”

“பெருசா இருந்து பாதி வழியில சிக்கிக்கிட்டா? லொறி நீங்க தருவீங்களா?”

“எனக்கிட்ட லொறி இல்லயே” என்றாள் டீச்சர். அவளுடைய கண் கலங்கியிருந்தது. சேர்த்துக்கொண்டு வந்த சொல்லையெல்லாம் செசிலி அப்படியே திருப்பிக்கொண்டு மலை ஏறினாள். அழுகிறவளைத் திட்டி என்ன லாபம்?

ஏறும்போது யோசித்தாள். பிலோமினா போன காலத்தில் ரோடு வரைக்கும் ஒற்றையடிப் பாதை. இப்போது லயத்துக்கு எட்டிய தூரம் வரை கொங்கிரீட் போட்டிருக்கிறது. மூன்று வீட்டில் ஆட்டோ நிற்கிறது. எல்லாரிடமும் போன் இருக்கிறது. பயம் மட்டும் பழைய பாதையிலேயே நின்றுகொண்டிருந்தது. அதைத் தானே பிடித்து நிறுத்திவைத்திருந்ததும் அவளுக்குத் தெரிந்தது. செசிலி ஒன்றை முடிவெடுத்தால் அடுத்த வேளையே செய்கிறவள். அன்று இரவு ஜெசிந்தாவின் கோப்பையில் இரண்டு அகப்பை சோற்றைக் குவித்து, பருப்பை ஊற்றி, ஒரு முட்டையையும் பொரித்து வைத்தாள்.

ஜெசிந்தா கோப்பையைப் பார்த்தாள்.

“இது யாருக்கு?”

“ஒனக்குத்தான். தின்னு.”

“என்னாம்மா, என்னைச் சாவடிக்கப் பாக்குறியா?”

“வாயை மூடிட்டுத் தின்னுடி. டீச்சர் சொன்னாங்க.”

“டீச்சரா வந்து பெக்கப் போறாங்க? சித்தியைத் தூக்கிட்டுப் போனப்ப அவங்களா பாத்தாங்க? நான் பாத்தேன். கம்பளியில இருந்து தண்ணியா ஒழுகினது மழைன்னு நெனச்சேன். நீதானே அழுதுகிட்டே சொன்ன, தின்னே செத்தாளேன்னு!”

செசிலி அப்படிச் சொல்லியிருந்தாள். அன்றைக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு திருநாள் சாப்பாட்டின்போதும் சொல்லியிருந்தாள். பிலோமினா கதை அந்த வீட்டில் ஜெபம் மாதிரி.

“அது அப்ப. இப்ப ரோடு இருக்கு, ஆட்டோ இருக்கு.”

“மழை பெஞ்சா மண்ணு சரிஞ்சி ரோடு மூடாதா?”

மூடும். அடிக்கடி மூடியிருக்கிறது. செசிலி கோப்பையை மகள் பக்கம் இன்னும் நகர்த்தினாள்.

ஜெசிந்தா அரை அகப்பை அளவை மட்டும் ஒதுக்கிச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைத் தங்கச்சி பக்கம் தள்ளினாள். “இந்தா, நீ தின்னு. ஒன் கிளிப்பாவது கழண்டு விழட்டும்.”

அப்படியே நாட்கள் போயின. செசிலி கெஞ்சினாள், மிரட்டினாள், ஊட்டிவிடப் பார்த்தாள். கிளினிக்கில் தந்த திரிபோஷா சத்துமாவில் தேங்காயும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து வைத்தாள். மலையிலிருந்து வந்து பார்த்தால் உருண்டை இருக்காது. மனம் குளிரும். பிறகு ஒரு நாள் நிலக்ஷனாவின் பள்ளிக்கூடப் பையில் மூன்று உருண்டை கிடந்தது.

“அக்காதான் தந்துச்சி. அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு. எனக்கும் இதுக்கு மேல திங்க முடியலம்மா. வயித்தைப் பிரட்டுது.” நிலக்ஷனா பையை மூடியபடி சொன்னாள், “எனக்கு இப்ப குடுத்து ஒன்னும் ஆகப்போறதில்ல. டீச்சர்கிட்ட கேட்டேன். வயித்துல இருக்கையிலதான் முக்கியமாம்.”

அந்தோனிமுத்துகூட வாயைத் திறந்தான். “சாப்பிடும்மா” என்றான் மூத்த மகளிடம். அவன் மாதக்கணக்கில் சொன்ன ஒரே புத்திமதி அது. ஜெசிந்தா தலையாட்டினாள், சாப்பிடவில்லை. மிட்வைப் மிஸ் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டாள். சத்தம் முழுக்கச் செசிலிக்குத்தான். “நீங்கதான் இந்த லயத்தையே பட்டினி போடுறீங்க. மகளையும் விட்டு வைக்கல்லையா?”

“நான் சாப்பிடத்தான் சொல்றேன் மிஸ்.”

“ஆமா, எனக்கு முன்னுக்கு எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க.”

ஆஸ்பத்திரி குறித்த நாளுக்கு வெகு முன்னாலேயே, வெயில் அடிக்கிற ஒரு காலை நேரத்தில், வலி வந்தது. மண் சரியவில்லை. ரோடு காய்ந்து கிடந்தது. ரெஜினாவின் புருஷன் ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் அதிக நேரம் ஆகவில்லை, பிள்ளை பிறந்துவிட்டது. கிழிக்கவும் இல்லை, தைக்கவும் இல்லை. ஆண் பிள்ளை. துணியில் சுற்றிக் காட்டியபோது துணிதான் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் போட்டார்கள். செசிலி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். நிலக்ஷனா பிறந்தபோது இருந்த அதே கை, அதே விரல், அதே சுருங்கின தோல். அன்றைக்கு மெழுகுதிரி கொளுத்தியவளுக்கு இன்றைக்கு என்ன கேட்டு ஜெபிப்பது என்று தெரியவில்லை.

ஜெசிந்தா வார்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் களைப்பைவிட நிம்மதிதான் அதிகம்.

“பாத்தியாம்மா, சுகமா வந்துட்டான். ஒன் வழிதான் வழி.”

செசிலி போர்வையை இழுத்துவிட்டாள். பெற்று எழும்பாதவளிடம் வேறு எதைச் சொல்வது?

பிள்ளை தப்பினான். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். இனி அவனுக்குள் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பது அவன் வளர்ந்து நாற்பது வயதாகும்போதுதான் தெரியும். அதுவரை செய்யக்கூடியது பால் கொடுப்பதும், குளிர் படாமல் பார்ப்பதும், நாள் தவறாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோய் நிறுப்பதும்தான். செசிலி அதைச் செய்தாள். கலண்டரை நிலக்ஷனா பழையபடி சுவரில் மாட்டியிருந்தாள். கிளிப் இரண்டையும் தலைக்கு எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வேறு கிளிப் கிடையாது.

ஒரு சனிக்கிழமை றிஸ்னி டீச்சர் பிள்ளை பார்க்க வந்தாள். பால்மா பெட்டியும் குழந்தைச் சவர்க்காரமும் கொண்டுவந்தாள். பிள்ளையைக் கையில் வாங்கவே பயந்தாள்.

“அடுத்த வருசம் அந்தப் பாடத்தை எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறன்னு யோசிக்கிறன். வீட்டில கேக்கச் சொல்ல மாட்டன். ஆனா சொல்லாம இருக்கவும் மனசு கேக்குதில்ல.”

“சொல்லுங்க டீச்சர். நீங்க சொல்லாட்டி வேற யாரு சொல்லப் போறா?”

“லயத்துப் பொம்பளைகளுக்கும் ஒரு நாள் வந்து பேசட்டா? இல்ல, வேணாம். நான் டவுன்ல இருந்து வாரவ. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க.”

“என் பேச்சைக் கேக்குறாங்க டீச்சர், நல்லாக் கேக்குறாங்க” என்றாள் செசிலி. “பழைய பேச்சை.”

டீச்சர் போனபின் அன்று பின்னேரமே ரெஜினா வந்தாள். வயிறு நன்றாக வெளியே தெரிந்தது. பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“செசிலிக்கா, எனக்கு ஏழு பொறந்துருச்சி. சோத்தைக் கொறைக்கணும்ல? அவரு என்னமோ ரெண்டு வேளையும் முட்டை வாங்கிட்டு வந்து உயிரை எடுக்குறாரு.”

“முட்டையைத் தின்னு. சோத்தையும் தின்னு. ஒன்னையும் கொறைக்காத.”

ரெஜினா சிரித்தாள். செசிலி சிரிக்கவில்லை என்று கண்டதும் அவளுடைய சிரிப்பு மெதுவாக மாறியது.

“என்னாக்கா இப்பிடிச் சொல்றீங்க?”

“இந்தப் பிள்ளையைப் பாரு. நல்லாப் பாரு. இது பாலைச் சப்பக்கூடத் தெம்பில்லாம இருந்துச்சி. நான் சொன்னதெல்லாம் தப்பு ரெஜினா. கொறைக்காத.”

“ஜெசிந்தா ஒரு கீறல் இல்லாமப் பெத்து எறக்கிட்டா. அவளே சொன்னா, அம்மா சொன்னபடி இருந்தேன், நோவே தெரியலன்னு.” ரெஜினா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். “ஒங்க மகளுக்கு ஒரு வழி, எங்களுக்கு ஒரு வழியா? கேட்டு வந்தது என் தப்புக்கா.”

“அடி, நில்லு. டீச்சர் சொன்னாங்க...”

“டீச்சருக்குக் கல்யாணமே ஆகல.”

அவள் போய்விட்டாள். அடுப்படியிலிருந்து வந்த ஜெசிந்தா பிள்ளையை மாற்றிப் போட்டபடி, “ஏம்மா அவளைப் பயங்காட்டுற?” என்றாள்.

திங்கட்கிழமை இரண்டு பேருக்கும் கொழுந்து பறிக்கப் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரை விழுந்தது. தேத்தண்ணி நேரத்தில் செசிலி தன் ரொட்டியில் ஒன்றை ஒரு இலையில் மடித்து, ரெஜினாவின் பக்கத்தில் கல்லின் மேல் வைத்தாள். ரெஜினா பார்த்தாள். போத்தலைத் திறந்து சாயத்தண்ணியைக் குடித்தாள். ஒரு மாரி பிஸ்கட்டைத் தண்ணியில் நனைத்து மெதுவாகச் சாப்பிட்டாள். பிறகு ரொட்டியை இலையோடு எடுத்து, கீழ் நிரையில் நின்ற பெண்ணிடம் நீட்டினாள்.

“இந்தா, நீ சாப்பிடு. எனக்கு ஏழு.”

அந்தப் பெண் சரியென்று வாங்கிக்கொண்டாள். கங்காணி கூப்பிட்டான். செசிலி எழுந்து கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குக் கையை நீட்டினாள்.